காத்திருந்த நிலம்

சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெரு என்று ஒன்று உண்டு. வானளாவிய வங்கிக் கட்டடங்களின் முதுகுப்புறத்தில் ஒதுங்கிக் கிடக்கும் அந்தப் பழைய வீதியிலே, சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நாகூர் ஆண்டவரின் திருநாமத்தால் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுப்பிய தர்கா இன்றும் நிற்கிறது. அவர்கள் அதைக் கட்டிய காலத்தில் அதன் வாசலுக்கு எதிரே இருந்தது சமுத்திரம். பாய்மரக் கப்பலில் அலைக்கழிந்து உயிரோடு கரை சேர்ந்தவன் முதற் காரியமாக நன்றி செலுத்துவதற்கென்றே அந்த இடம் ஏற்பட்டது. சீனர்கள் தங்கள் கடல் தேவதைக்கு அதே வீதியில் ஆலயம் எழுப்பியதற்கும் அதுவேதான் காரணம். இன்று அந்த வாசலில் நிற்பவன் கடல் எங்கே என்று பிறரை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தீவில் கடலைத் தூர்ப்பது புதிய வித்தையன்று. 1822-ஆம் ஆண்டிலேயே ராபிள்ஸ் துரை ஒரு சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு ஆற்றின் தென்கரைச் சதுப்பை நிரப்பி, வியாபாரிகளுக்கு இடம் உண்டாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெலோக் ஆயர்க் கரை முன்னோக்கி நகர்ந்தது. அதன் பிறகும் பலமுறை நகர்ந்தது. 1960-களில் ஏறத்தாழ 581 சதுர கிலோமீட்டராக இருந்த தேசத்தின் விஸ்தீரணம் இன்று 730-ஐத் தாண்டி நிற்கிறது. ஆனால், இத்தனை தூர்ப்புகளிலும் தனித்து ஆராயத்தக்கது மரினா விரிகுடா. ஏனெனில், அங்கே நிலத்தை உண்டாக்கியதைக் காட்டிலும், உண்டாக்கிய நிலத்தை விற்றுவிடாமல் வைத்திருந்ததே அரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று கோபுரங்களின் தலைமீது ஒரு கப்பலைத் தூக்கி வைத்தாற்போன்ற மரினா பே சாண்ட்ஸ் விடுதியின் படத்தை இன்று அறியாதவர் எவருமிலர். 55 மாடிகள், உச்சியில் 340 மீட்டர் நீளமான தோட்டம், அதன் விளிம்பில் நீச்சல் குளம். எதிரே முள்ளுப் பழத்தை நினைவூட்டும் கூரையோடு எஸ்பிளனேட் கலையரங்கு. இடையில் ஏரிபோல் அசையாத நீர். இந்தப் படத்தைத் தங்கள் ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்பாத மேயர்களும் மந்திரிகளும் ஆசியாவில் சிலரே இருப்பார்கள். படத்தில் விழாதது ஒன்றுதான்: அதற்குப் பிடித்த காலம்.

காரியம் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் உதவியுடன் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 1971-இல் வகுத்த நீண்டகாலத் திட்டம், தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்பு வனத்தைச் சுற்றி வளையமாக நகரங்களையும், கிழக்கு மூலையில் சாங்கியில் விமான நிலையத்தையும், தென்கரையில் வியாபார கேந்திரத்தையும் குறித்தது. ராபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. நகரத்தின் மத்தியப் பகுதிக்கு வளர இடமில்லை. வளர வேண்டுமானால் கடலில்தான் வளர வேண்டும். அந்த முடிவின்படி மண் கொட்டத் தொடங்கி, 1980-களின் நடுவில் பெரும்பகுதி முடிந்து, பிறகு 1990-களின் முற்பகுதியில் கரையின் வடிவத்தைத் திருத்தி, மொத்தத்தில் சுமார் 360 ஹெக்டேர் புதுநிலம், பழைய நகரத்துக்கு ஒட்டினாற்போல எழுந்தது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு அடியில் சட்டம் ஒன்றன்று, இரண்டு இருந்தன. அவற்றை மறந்துவிட்டுத் திட்டத்தை மட்டும் புகழ்வது அரைக்கதை. கடலை அரசாங்கம் தூர்த்தால், கரையோர நிலச் சொந்தக்காரன் கடல் முகப்பை இழந்ததற்காக நஷ்டஈடு கேட்கலாம் என்றிருந்த பழைய உரிமை 1964-இல் ரத்தாயிற்று. 1966-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம், பொதுக் காரியத்துக்கு வேண்டிய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்வதை எளிதாக்கிற்று. இவ்விரண்டும் கைவசமிருக்க, ஒரே கட்சி தொடர்ந்து ஆட்சி நடத்திவர, முப்பதாண்டுத் திட்டத்தை வரைந்தவர்களுக்கு அடுத்த தேர்தலில் அது கிழிக்கப்படும் என்ற பயமில்லாதிருந்தது. இதை நல்லது என்பாரும் உண்டு. இவ்வளவு அதிகாரம் ஒரே கையில் சேர்ந்தால்தான் அழகிய நகரம் உண்டாகுமோ என்று முகம் சுளிப்பாரும் உண்டு. இருவரும் ஒரே உண்மையைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள்.

1983-இல் ஐ. எம். பெய், கென்ஸோ டாங்கே என்ற இரண்டு ஜகப் பிரசித்தர்களைத் தனித்தனியே அழைத்து, இந்தப் புதுநிலத்தை எப்படி வகுக்கலாம் என்று யோசனை கேட்டார்கள். யோசனைகள் வந்தன, பரிசீலனையும் நடந்தது. கட்டடம் வரவில்லை. விரிகுடாவின் வடபுறத்தில் மட்டும் மரினா ஸ்குவேர் என்ற பெயரில் ஹோட்டல்களும் கடைகளும் எழுந்தன. அவை திறக்கிற சமயத்துக்குத்தானா 1985-ஆம் ஆண்டின் மந்தம் வந்து சேர வேண்டும்! தென்புறமோ புல் முளைத்துக் கிடந்தது. 1989-இல் அந்தப் புல்வெளிக்கு நடுவே மரினா பே என்ற பெருவிரைவு ரயில் நிலையத்தைத் திறந்தார்கள். வீடில்லை, அலுவலகமில்லை, கடையில்லை. ஆனால், ரயில் நிலையம் உண்டு. பந்து உருட்டும் விளையாட்டுக் கூடமும், கொதிக்கும் குழம்பில் தாமே இறைச்சியையும் மீனையும் வேகவைத்து உண்ணும் கூரைக் கடைகளும் அங்கே தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டன; காற்று வாங்கவும் பட்டம் விடவும் இளைஞர்கள் போனார்கள். உலகத்திலேயே விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றாகப் போகிற இடத்தில் ஒரு தலைமுறை இறால் வேகவைத்துத் தின்றது என்பது, சிந்தித்துப் பார்த்தால், சாமானியமான சமாசாரமன்று.

பசித்த வருஷத்திலும் விதைநெல்லின் பானையைத் திறக்காத குடியானவனின் மனவுறுதி அது. நிலத்தை வாங்கக் காத்திருக்கும் முதலாளிகளும், நிறைவேறிய திட்டத்தின் நாடாவைத் தம் பதவிக்காலத்திலேயே கத்தரிக்க விரும்பும் அரசியல்வாதிகளும் எந்த தேசத்திலும் உண்டு. அவர்களுடைய அவசரத்துக்கு எதிராக ஒரு காரியாலயம் இருபதாண்டுகள் வாளாவிருந்தது என்றால், அந்த வாளாவிருத்தலையும் ஒரு வேலை என்று மதிக்கும் சம்பிரதாயம் அங்கே ஏற்பட்டிருந்தது என்றே கொள்ள வேண்டும். அந்தக் காரியாலயமான நகர மறுசீரமைப்பு ஆணையம் 1974-இல் ஏற்பட்டது. நீண்டகாலத் திட்டத்தைச் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறையும், அதன் கீழுள்ள விவரத் திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் எடுத்துத் திருத்துவது வழக்கமாயிற்று. ஆகவே, எந்த அதிகாரியும் நிலத்தை உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிக்க வேண்டியதில்லை; அடுத்த பரிசீலனை வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

காத்திருப்புக்கு மண்ணும் ஒரு காரணம் சொல்லும். அந்தப் பகுதியின் கடலடியில் இருப்பது நீர் கோத்த மென்களிமண். மேலே கொட்டிய மணலின் பாரத்தால் நீர் கசிந்து, களிமண் இறுகி, நிலம் அமிழ்ந்து நிலைகொள்ளக் காலம் பிடிக்கும். அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டாம். 2004 ஏப்ரலில், அதே கரையோரத்தின் தூர்த்த நிலத்தில், நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளத்தின் தாங்குசுவர் சரிந்து, சாலையே விழுங்கப்பட்டு, நான்கு பேர் மாண்டார்கள். அங்கே குற்றம் முதன்மையாகத் தாங்கு கட்டுமானத்தின் வடிவமைப்பில் இருந்தது. ஆனால், களிமண் மன்னிக்கிற பேர்வழியன்று என்பதை அந்தப் பள்ளம் எல்லாருக்கும் காட்டிற்று.

நிலம் காலியாக இருந்ததனால் பூமிக்கு அடியில் முதலில் வேலை செய்ய முடிந்தது. மின்சாரக் கம்பி, குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி, கட்டடங்களைக் குளிர்விக்கும் நீரின் குழாய் எல்லாவற்றையும் ஆள் நடமாடக்கூடிய ஒரே சுரங்கத்தில் வைத்து, அதன்மேல் சாலை போட்டார்கள். பிறகுதான் கட்டடங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டடமும் தனக்கென்று குளிரூட்டும் எந்திரம் வைத்துக்கொள்ளாமல், பொது நிலையங்களில் குளிரச் செய்த நீரைப் பெற்றுக்கொள்கிறது. புதுத் தார் போட்ட மறுவாரமே குடிநீருக்கு ஒருவரும், அதை மூடிய மறுவாரமே மின்சாரத்துக்கு ஒருவரும் வந்து தோண்டுவதைக் கண்டு வளர்ந்த நம்மவர்களுக்கு, சாண்ட்ஸ் விடுதியைவிட இந்தச் சுரங்கமே ஆச்சரியம் என்றால் நான் மறுக்க மாட்டேன்.

நிலத்தை விற்கும் வேளை வந்தபோதும் சில நூதனங்கள் செய்தார்கள். விற்பது என்று சொன்னேனே தவிர, உண்மையில் விற்பதில்லை; பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. 1995-இல் வெள்ளை நிலம் என்ற ஒரு வகையை ஏற்படுத்தினார்கள்: இன்னது கட்டு என்று கட்டாயப்படுத்தாமல், அலுவலகமோ, குடியிருப்போ, ஹோட்டலோ, கடைகளோ, எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் கலந்து கட்டிக்கொள் என்று ஒரு வரம்புக்குள் விடுதலை. இருபதாண்டுக்கு முன் வரைந்தவன் எத்தனை கெட்டிக்காரனாயினும், இருபதாண்டுக்குப் பின் எதற்குக் கிராக்கி இருக்கும் என்பதை அறிய மாட்டான் என்ற அடக்கம் அந்த விதியில் இருக்கிறது. 2005-இல் நிதி மையத்துக்கான பெரிய மனையை ஹாங்காங், சிங்கப்பூர் நிறுவனங்கள் மூன்று சேர்ந்து எடுத்தன. முழு நிலத்துக்கும் ஒரே நாளில் பணம் கட்டி ஒரே மூச்சில் கட்ட வேண்டும் என்று கேளாமல், ஒரு பகுதியை முதலில் எடுத்து, மிச்சத்தைப் பின்னர் எடுக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். 2008-ஆம் ஆண்டு உலக நெருக்கடியில் பல ஊர்களின் கோபுரங்கள் அரைகுறையாக நின்றபோது இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. 2010-லும் 2012-லும் இரண்டு கட்டங்களும் முடிந்தன.

மரினா பே சாண்ட்ஸ் என்ற சூதாட்ட விடுதியின் விஷயம் தனி. வெகுகாலம் கூடாது என்று தள்ளி வைத்திருந்ததை ஏற்பதா வேண்டாமா என்று தேசமே ஓராண்டுக்கு மேல் விவாதித்தது. சமய ஸ்தாபனங்கள் ஆட்சேபித்தன. கடைசியில் 2005 ஏப்ரல் 18-ஆம் தேதி பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் சம்மதத்தை அறிவித்தார். எனக்கு அந்த முடிவில் இன்றும் மனம் ஒப்பவில்லை. உள்நாட்டார் உள்ளே நுழைய முதலில் 100 வெள்ளியும், 2019 முதல் 150 வெள்ளியும் கட்டணம் என்பது, தீமையை அறிந்தே வரவழைத்ததற்குச் சாட்சியன்றி வேறென்ன? ஆனாலும், அந்த நிலத்தைக் கொடுத்த முறையில் ஒரு விவேகம் உண்டு. அதிக விலை கேட்பவனுக்கு என்று ஏலம் போடாமல், நிலத்தின் விலையை 120 கோடி வெள்ளி என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு, யாருடைய அமைப்பு சிறந்தது, யார் அதிகம் முதலீடு செய்வார் என்பதில் போட்டியிடச் சொன்னார்கள். லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் கம்பெனி 2006-இல் வென்றது. கட்டடச் சிற்பி மோஷே சஃப்டி. 2008-இன் இறுதியில் அந்தக் கம்பெனியே முழுகிவிடுமோ என்று உலகம் பேசிக்கொண்டது. எனினும், 2010 ஏப்ரலில் கதவு திறந்தது. அதற்குப் பின்னால், இன்னும் பத்துப் பன்னிரண்டு கோபுரங்களுக்கு இடமாகக்கூடிய நிலத்தில், 101 ஹெக்டேர் பரப்பைப் பூங்காவாக ஒதுக்கி, அதன் பெரும்பகுதியான 54 ஹெக்டேர்த் தோட்டத்தை 2012-இல் திறந்தார்கள். நீர்க்கரையை எந்தக் கட்டடமும் தனக்கென்று வேலியிட்டுக்கொள்ள முடியாது. விரிகுடாவைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நடைபாதை எல்லாருக்கும் பொது. பணக்காரன் மேலிருந்து பார்க்கிற தண்ணீரை, வேலைக்கு வந்த தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கீழிருந்து பார்க்கலாம்.

தண்ணீரின் கதைக்கு நிலத்தின் கதையைவிடச் சிறப்பு அதிகம். 1970-களில் சிங்கப்பூர் ஆறு, அருகில் போனவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் சாக்கடை. மேல்புறத்துப் பன்றிப் பண்ணைகளின் கழிவும், வாத்துப் பண்ணைகளின் கழிவும், தெருக்கடைகளின் எச்சிலும், படகுகளின் எண்ணெயும் அதில் கலந்தன. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுக்குள் இந்த ஆற்றில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். ஏறத்தாழ 17 கோடி வெள்ளி செலவில், லீ எக் தியெங் என்ற அதிகாரியின் மேற்பார்வையில், 1987-இல் அது முடிந்தது. சுத்தம் செய்த ஆற்றின் வாயை அடைத்து நகரத்தின் நடுவிலேயே நன்னீர்த் தேக்கம் உண்டாக்கலாம் என்ற எண்ணமும் அப்போதே பிறந்துவிட்டது. ஜோகூரிலிருந்து வரும் தண்ணீருக்கான ஒப்பந்தம் 2061-இல் முடியப்போகிறது என்ற கவலை அந்த நாட்டாரின் மனத்தில் எப்போதும் உண்டு. 350 மீட்டர் நீளமான மரினா அணைக்கட்டு 2008-இல் திறந்தது; அடுத்த இரண்டாண்டுகளில் உப்பு மெல்ல நீங்கி, தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழையைச் சேர்க்கும் நீர்த்தேக்கமாயிற்று. கடல் ஏற்றத்தின்போது பெருமழை பெய்தால் மதகுகளைத் திறக்க முடியாது. அப்போது ராட்சதப் பம்புகள் வெள்ளத்தைக் கடலுக்குத் தள்ளுகின்றன. சுற்றுலாப் பிரயாணி படம் எடுத்துக்கொள்ளும் அழகிய விரிகுடா, உண்மையில் ஊரார் குடிக்கும் தண்ணீர்.

இத்தனைக்கும் கணக்குப் புத்தகத்தின் மறுபக்கம் ஒன்று உண்டு. ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான்கள் சுமார் 800 இருந்தன. 1983-இல் அவை பாசிர் பாஞ்சாங்குக்குத் துரத்தப்பட்டன. அந்தத் தொழிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் நடத்தியவர்கள் நம் கரையிலிருந்து போன சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்கள்; பிறகு சீனர் கைக்கு அது போயிற்று; கடைசியில் யார் கையிலும் இல்லாமற்போயிற்று. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பெட்டியடியும் கணக்குப்பிள்ளையுமாக நகரத்தார் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் புதிய வியாபார வட்டாரத்துக்காக இடிபட்டன. 1933-இல் திறந்து, வந்திறங்கிய எத்தனையோ பேரின் முதல் மிதியடித் தடத்தைத் தாங்கிய கிளிஃபர்ட் படகுத்துறை, 2006-இல் மூடி, இன்று ஆடம்பர ஹோட்டலின் அங்கமாக இருக்கிறது. ஊரின் சின்னமான சிங்கமீனுக்கே இடம் நிலைக்கவில்லை. ஆற்றுவாயில் நின்ற அதன் பார்வையை 1997-இல் கட்டிய பாலம் மறைத்துவிட, 2002-இல் அந்தக் கனத்த சிலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள். தீர்க்கதரிசிகளுக்கும் பாலம் எங்கே வரும் என்பது சில சமயம் தெரிவதில்லை.

மணல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் சங்கடமானது. உள்ளூர்க் குன்றுகளும் சொந்தக் கடற்படுகையும் தீர்ந்த பிறகு அண்டை நாடுகளின் மணலை வாங்கிக் கொட்டினார்கள். மலேசியா 1997-இல் ஏற்றுமதியைத் தடுத்தது; இந்தோனேசியா 2003-இல் கடல் மணலையும், 2007-இல் நிலத்து மணலையும் தடுத்தது. ஒரு கரை வளர்கிறபோது எங்கோ ஒரு கரை கரைகிறது; அந்தக் கரையின் மீனவனுக்கு முப்பதாண்டுத் திட்டத்தில் ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

மரினா விரிகுடாவின் உதாரணத்தைப் பின்பற்றியவர்கள் பலர். கொழும்புத் துறைமுக நகரம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது: 2014-இல் தொடங்கி, ஆட்சி மாறியதும் 2015-இல் நின்று, மறுபடி தொடங்கி, 269 ஹெக்டேர்க் கடல் நிலமாயிற்று. ஆனால், அங்கே நிலத்தை உண்டாக்கியது சீனக் கம்பெனி. செலவுக்கு ஈடாக 116 ஹெக்டேர் 99 ஆண்டுக் குத்தகையில் அந்தக் கம்பெனிக்கே போயிற்று. முதலைப் போட்டவனுக்குப் பொறுமை இருக்க நியாயமில்லை. வட்டி அவனைத் துரத்தும். சிங்கப்பூரில் தூர்த்தவனும் வைத்திருந்தவனும் ஒருவனே. நிலம் விற்ற பணம் அன்றாடச் செலவுக்குப் போகாமல் தேசத்தின் சேமநிதிக்குப் போய்விடும் ஏற்பாடும் இருந்தது. ஆகவே, வரவு செலவில் துண்டு விழுந்த வருஷத்தில் ஒரு மனையை விற்றுச் சமாளிக்கலாம் என்ற சபலத்துக்கு இடமில்லை.

திட்டம் முடிந்ததா என்றால், அவர்கள் அகராதியில் அந்த வார்த்தை இல்லை. 1981-இல் பெருமையோடு திறந்த விரைவுச்சாலை, புதுநிலத்தைக் குறுக்கே அறுக்கிறது என்று கண்டு, 2013-இல் 430 கோடி வெள்ளிச் செலவில், பெரும்பகுதியும் தரைக்கும் கடலுக்கும் அடியில் செல்லும் மாற்றுச் சாலையைக் கட்டினார்கள். தஞ்சோங் பகார், கெப்பல், பிரானித் துறைமுகங்கள் 2027-க்குள் மேற்கே துவாஸுக்குப் போகின்றன. பாசிர் பாஞ்சாங் 2040 வாக்கில் போகும். காலியாகும் தென்கரை முழுவதும் அடுத்த தலைமுறையின் கட்டுமானத்துக்கு. சாண்ட்ஸ் விடுதியின் நிலக்குத்தகை 60 ஆண்டுகளுக்குத்தான். 2066-இல் அது திரும்ப வரும்.

அதற்குள் கடலும் சும்மா இராது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நீர்மட்டம் 1 மீட்டருக்கு மேலும் உயரக்கூடும் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆகவே, கிழக்குக் கரைக்கு அப்பால், மரினா விரிகுடாவைப் போல் இரு மடங்குக்கும் மேலாக, சுமார் 800 ஹெக்டேரில் நீளத் தீவு ஒன்றை எழுப்பி, அதற்கும் பழைய கரைக்கும் இடையில் இன்னொரு நன்னீர்த் தேக்கம் அமைப்பது என்று 2023-இல் அறிவித்தார்கள்; ஆய்வுகளுக்கே ஐந்தாண்டுகள், முழுவதும் முடியப் பல பத்தாண்டுகள். கிழக்குக் கரையில் கடலைப் பார்த்த ஜன்னலுக்காகவே அதிக விலை கொடுத்து வீடு வாங்கியவர்கள் அந்த அறிவிப்பைச் சற்று நிதானமாகவே வாசித்திருப்பார்கள். அவர்களில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்தவர்கள் நஷ்டஈட்டைப் பற்றி விசாரித்திருக்க மாட்டார்கள்.